எப்போது ‘புரிந்துகொள்கிறோம்’, எப்போது ‘கண்டிக்கிறோம்’?

வெளியுறவு அமைச்சருக்கும் அமைச்சக அதிகாரிகளுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். பிற நாடுகள் எல்லை தாண்டித் தாக்கும்போது இந்தியா சொல்வதன் பின்னணியை உங்களுக்கு விளக்குவது கொல்லன் தெருவில் ஊசி விற்பதாகும். எனவே நேராக இரண்டு அறிக்கைகளுக்கு வருகிறேன். இரண்டும் உங்கள் அமைச்சகம் வெளியிட்டவை.

2024 ஜனவரி 16 அன்று ஈரான், பாகிஸ்தானின் பலூசிஸ்தானில் பஞ்ச்கூர் மாவட்டத்தைத் தாக்கியது. குறி ஈரான் அரசை எதிர்க்கும் ஜெய்ஷ் அல்-அத்ல் என்ற ஆயுதக் குழு என்றது. இரண்டு குழந்தைகள் இறந்தார்கள், மூன்று சிறுமிகள் காயமடைந்தார்கள் என்றது பாகிஸ்தான். மறுநாள் நம் செய்தித் தொடர்பாளர் சொன்னதன் சாரம்: இது அந்த இரு நாடுகளுக்கு இடையிலான விவகாரம், பயங்கரவாதத்தை நாம் சற்றும் பொறுப்பதில்லை, தற்காப்புக்காக நாடுகள் எடுக்கும் நடவடிக்கைகளைப் புரிந்துகொள்கிறோம்.

அதே ஆண்டு டிசம்பர் 24 அன்று பாகிஸ்தான் விமானங்கள் ஆப்கானிஸ்தானின் பக்திகா மாகாணத்தில் குண்டு வீசின. குறி பாகிஸ்தான் அரசோடு போரிடும் பாகிஸ்தான் தாலிபான்கள். இறந்தவர்கள் 46 பேர், பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும் என்றது காபூல் நிர்வாகம். 2025 ஜனவரி 6 அன்று அமைச்சகம் சொன்னது: அப்பாவிப் பொதுமக்கள் மீதான எந்தத் தாக்குதலையும் ஐயத்துக்கு இடமின்றிக் கண்டிக்கிறோம்.

இரண்டாவது அறிக்கையில் ஓர் எழுத்தைக்கூட மாற்ற வேண்டியதில்லை. உறுத்துவது அதிலுள்ள ‘எந்த’ என்ற சொல்தான். பஞ்ச்கூரில் இறந்த இரண்டு குழந்தைகள் அந்த ‘எந்த’வுக்குள் வரமாட்டார்களா? எல்லைக்கு அப்பால் ஆயுதக் குழு பதுங்கியிருக்கிறது, அந்த அரசு அடக்கவில்லை, ஆகவே நாங்களே அடித்தோம் என்ற அதே வாதத்தைத்தான் இரு நாடுகளும் வைத்தன. இரண்டு இடத்திலும் செத்தவர்களில் குழந்தைகள் உண்டு. அடித்தது யார் என்பது மட்டும் மாறியது. நம் வினைச்சொல்லும் கூடவே மாறிவிட்டது.

ஐ.நா. சாசனத்தின் 2(4) பிரிவு இன்னொரு நாட்டின் நிலத்துக்கு எதிராகப் படைபலத்தைப் பயன்படுத்தத் தடை போடுகிறது. 51-வது பிரிவு தற்காப்புக்கு விலக்கு தருகிறது, அதுவும் நிபந்தனையோடு: ஆயுதத் தாக்குதல் நடந்திருக்க வேண்டும், எடுத்த நடவடிக்கையைப் பாதுகாப்பு கவுன்சிலுக்கு உடனடியாகத் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காவிட்டால்? அமெரிக்கா மீது நிகரகுவா தொடுத்த வழக்கில் 1986-ல் சர்வதேச நீதிமன்றம் சொன்னதை உங்கள் சட்டப் பிரிவு மனப்பாடமாகவே வைத்திருக்கும்: அந்தக் கடிதம் இல்லாமை, தான் செய்வது தற்காப்பு என்று அந்த நாடே நம்பியதா என்பதைக் கணிக்க உதவும் ஒரு காரணி. தேவைக்கு மீறாத, அடிக்கு ஈடான பதிலடிதானா என்பது அதற்கடுத்த கேள்வி. ‘புரிந்துகொள்கிறோம்’ என்று சொல்வதற்கு முன் இவற்றில் எது சரிபார்க்கப்பட்டது? ஒரே நாளில் எல்லாவற்றையும் சரிபார்த்துவிட்டோம் என்றால் மகிழ்ச்சிதான். அந்தத் தாளைக் காட்டுங்கள்.

கேட்பது இவ்வளவே: எல்லை தாண்டிய தாக்குதல்களை இந்தியா எந்த அளவுகோலால் அளக்கிறது என்று ஒரு பக்கத்தில் எழுதி வெளியிடுங்கள்.

அமைச்சக மொழிக்குப் படிக்கட்டு உண்டு. ‘உன்னிப்பாகக் கவனிக்கிறோம்’ அடிப்படி. அதற்கு மேல் ‘கவலை’, ‘ஆழ்ந்த கவலை’, ‘வருத்தம்’, உச்சியில் ‘கண்டனம்’. 2025 ஜூன் 13 அன்று இஸ்ரேல் ஈரானைத் தாக்கியபோது நாம் ‘ஆழ்ந்த கவலை’யில் நின்றோம். மறுநாள், நாமும் சீனாவும் ரஷ்யாவும் ஈரானும் உறுப்பினராக உள்ள ஷாங்காய் ஒத்துழைப்பு அமைப்பு கண்டித்தது. அந்த அறிக்கை குறித்த விவாதத்தில் நாம் பங்கேற்கவில்லை என்று தனியாக அறிவித்தோம். செப்டம்பர் 1 அன்று சீனாவின் தியான்ஜினில் அதே அமைப்பின் பிரகடனம், ஜூனில் ஈரானைத் தாக்கியதற்காக இஸ்ரேலையும் அமெரிக்காவையும் பெயர் சொல்லிக் கண்டித்தது. அதில் நாமும் சேர்ந்துகொண்டோம். செப்டம்பர் 9 அன்று கத்தார் தலைநகர் தோஹாவை இஸ்ரேல் தாக்கியது. மறுநாளே பிரதமர், சகோதர நாடான கத்தாரின் இறையாண்மை மீறப்பட்டதைக் கண்டித்தார். மீறியது யார் என்பது மட்டும் அதில் இல்லை.

ஜூனில் கண்டிக்கத் தகாதது செப்டம்பரில் எப்படித் தகுந்தது? இடையில் மாறியது சட்டமா, வாஷிங்டனோடு நம் உறவா?

மேற்கு நாடுகள் யோக்கியமா என்று கேட்பீர்கள். இல்லவே இல்லை. 2003-ல் பாதுகாப்பு கவுன்சிலின் ஒப்புதல் இல்லாமல் இராக்குக்குள் நுழைந்தவர்கள்தான் 2022-ல் உக்ரைனுக்காகச் சாசனத்தைப் பாராயணம் செய்தார்கள். ஐரோப்பாவின் பிரச்சினை உலகின் பிரச்சினை, உலகின் பிரச்சினை ஐரோப்பாவின் பிரச்சினை அல்ல என்ற மனப்பான்மையை 2022 ஜூனில் நீங்கள் சுட்டிக்காட்டியபோது இங்கே கைதட்டாதவர் குறைவு. ஆனால் நம் கணக்கும் பழையது. 1956-ல் பிரிட்டனும் பிரான்சும் இஸ்ரேலும் எகிப்தைத் தாக்கிய சூயஸ் விவகாரத்தில் உரக்கக் குரல் கொடுத்தோம், சோவியத் படை புகுந்த ஹங்கேரியில் ஐ.நா. மேற்பார்வையில் தேர்தல் கோரிய தீர்மானத்துக்கு எதிராக வாக்களித்தோம். 1980 ஜனவரியில், படை புகுந்த ஆப்கானிஸ்தான் பற்றி சோவியத் தந்த உறுதிமொழிகளைச் சந்தேகிக்கக் காரணமில்லை என்று பொதுச்சபையில் பேசினோம். 2003 ஏப்ரலில் இராக் பற்றி மக்களவை நிறைவேற்றிய தீர்மானத்திலோ இந்தியில் ‘நிந்தா’ (கண்டனம்) என்று போட்டு, ஆங்கிலத்தில் கண்டனத்துக்கு ஒரு படி கீழான சொல்லைப் போட்டோம். எந்தக் கட்சி ஆண்டாலும் இந்தத் திறமைக்கு மட்டும் குறைவில்லை.

கோபத்தில் வெகுதூரம் போய்விட்டேன், பொறுத்தருள்க.

நலன்களை விட்டுவிடச் சொல்லவில்லை. ரஷ்ய எண்ணெய், இஸ்ரேலிய ஆயுதம், ஈரானின் சாபஹார் துறைமுகம் எல்லாம் தேவைதான். ஐ.நா.வின் ஒரு வாக்கெடுப்பில் விலகி நிற்க நலன் காரணமாக இருந்தால், விளக்க உரையில் அதைச் சொல்லிவிடலாம். கொள்கை என்று பெயரிடும்போதுதான் சிக்கல். காஷ்மீர் விவகாரத்தில் ஆக்கிரமிப்பைத் தகராறாக்கி, தாக்கியவரையும் தாக்கப்பட்டவரையும் ஒரே தட்டில் வைத்தார்கள் என்று 2025 மார்ச்சில் நீங்களே குமுறினீர்கள். நியாயமான குமுறல். ‘இரு தரப்பும் நிதானம் காக்க வேண்டும்’ என்று நாம் பிறருக்குச் சொல்லும்போதும் அதே தட்டுதான் நம் கையில் இருக்கிறது.

இதன் விலையை நம் தூதர்கள்தான் கொடுக்கிறார்கள். பாகிஸ்தானில் நாம் தாக்கிய 2025 மே 7 நடவடிக்கையை (‘ஆபரேஷன் சிந்தூர்’) விளக்க 7 அனைத்துக் கட்சிக் குழுக்கள் உலகம் சுற்றின. இலக்கு தேர்ந்தெடுத்தது, அளவோடு அடித்தது, மோதலைப் பெருக்காதது என்ற நம் வாதம் எடுபட வேண்டுமானால், பிறர் தாக்கும்போது நாமும் அதே மூன்றையும் கேட்டவர்களாக இருக்க வேண்டும்.

ஆகவே மறுபடியும், பணிவாக: அந்த ஒரு பக்கத்தை அடுத்த கூட்டத்தொடரில் நாடாளுமன்றத்தில் வையுங்கள். 51-வது பிரிவுக் கடிதம் போனதா, முதலில் ஆயுதத் தாக்குதல் நடந்ததற்கு என்ன சான்று, பதிலடி ஈடானதா, இறந்த பொதுமக்கள் எத்தனை பேர், தாக்கியவர் பெயர் என்ன என்ற ஐந்துக்கும் ஒவ்வொரு அறிக்கையிலும் பதில் இருக்கட்டும். ஒத்திகை வேண்டுமென்றால் பஞ்ச்கூரையும் பக்திகாவையும் அருகருகே வைத்துப் பாருங்கள்.

மரியாதையுடன்,
ஒரு குடிமகன்