பாடப் புத்தகத்தில் ஒரு தச்சருக்கு இடம் கேட்டு

பள்ளி வரலாற்றுப் பாடநூல்களை எழுதும் ஆசிரியர்களுக்கு,

வணக்கம். அடுத்த முறை பாடங்களைத் திருத்த உட்காரும்போது, கம்பெனி ஆட்சிப் பகுதியில் கப்பல் கட்டிய ஒரு தச்சர் குடும்பத்துக்கு இரண்டு பக்கம் ஒதுக்குங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

சீனாவோடு நடந்த அபினிப் போரை முடித்த நான்கிங் உடன்படிக்கை 1842 ஆகஸ்ட் 29 அன்று கையெழுத்தானது, ஹாங்காங் ஆங்கிலேயர் கைக்குப் போனது என்று படித்திருக்கிறோம். கையெழுத்துப் போட்ட இடம் எச்.எம்.எஸ். கார்ன்வாலிஸ் என்ற போர்க்கப்பல். 74 பீரங்கிகள் கொண்ட அந்தக் கப்பல் 1813இல் பம்பாயில் தேக்கு மரத்தால் கட்டப்பட்டது. கட்டியவர் ஜம்ஷெட்ஜி பொமான்ஜி வாடியா. பார்சி இனத்தவர், தலைமைத் தச்சர். உடன்படிக்கையின் ஷரத்துகளைப் பாடத்தில் வரிசையாக எழுதும் நாம், அது எந்தத் தளத்தின் மேல் நடந்தது, அந்தத் தளத்துக்குப் பலகை இழைத்தவர் யார் என்று சொல்லாமல் தாண்டிவிடுகிறோம்.

கதை சூரத்தில் தொடங்குகிறது. லவ்ஜி நசர்வான்ஜி வாடியா அங்கே தச்சு வேலையை மேற்பார்த்து வந்தவர். கம்பெனிக்காக ஒரு கப்பல் கட்டும்போது அவர் கைத்திறனைக் கவனித்த அதிகாரி ஒருவர் அவரைப் பம்பாய்க்கு அழைக்க, 1736இல் சில தச்சர்களோடு அங்கே குடியேறினார். 1750இல் பம்பாயில் உலர்துறை வந்தது. கப்பலை உள்ளே விட்டுக் கதவை அடைத்து, தண்ணீரை வெளியேற்றிவிட்டு அடிப்பாகத்தைப் பழுது பார்க்கும் இடம் அது. லவ்ஜி 1774இல் இறந்தபோது விட்டுச் சென்றது ஒரு வீடும், கொஞ்சம் பணமும்தான் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். கம்பெனி அவரால் சம்பாதித்ததற்குக் கணக்கு வேறு புத்தகத்தில் இருக்கும்!

ஜம்ஷெட்ஜி அவருடைய பேரன். நெப்போலியனோடு நடந்த நீண்ட போரில் இங்கிலாந்தில் ஓக் மரத்துக்குத் தட்டுப்பாடு வந்தது. கடற்படை பம்பாயைத் திரும்பிப் பார்த்தது. இங்கே மலபார் காட்டுத் தேக்கு இருந்தது. இந்த இடத்தில் அறிவியல் பாடத்தையும் கோர்த்துவிடலாம். ஓக் மரத்திலுள்ள துவர்ப்புப் பொருள் இரும்பு ஆணிகளை அரிக்கும். தேக்கின் எண்ணெய்ப் பசை அவற்றைக் காக்கும். சூரத், பம்பாய்த் தச்சர்கள் பலகைகளை வெறுமனே ஓரம் ஒட்டி அடுக்காமல், விளிம்பில் காடி வெட்டி ஒன்றுக்குள் ஒன்று பொருந்த வைத்தார்கள். தண்ணீர் புக வழியில்லை.

திருகோணமலையின் பெயர் கொண்ட டிரிங்கோமலி கப்பலைப் பிள்ளைகள் கண்டிப்பாக ரசிப்பார்கள். அதன் வரைபடத்தை ஏற்றிவந்த எச்.எம்.எஸ். ஜாவா, 1812 டிசம்பரில் பிரேசில் கரைக்கு அப்பால் அமெரிக்கக் கப்பலிடம் தோற்று அழிந்தது, வரைபடமும் போனது. மறுபடி ஒன்று வரவழைத்துத்தான் வேலை தொடங்கியது. 1817 அக்டோபர் 12 அன்று கடலில் இறங்கிய அந்தக் கப்பல் இங்கிலாந்தின் ஹார்ட்ல்பூலில் இன்றும் மிதக்கிறது. இருநூறு ஆண்டு தாண்டிய தேக்கு.

1804இல் கம்பெனி ஜம்ஷெட்ஜிக்கு ஒரு வெள்ளி அளவுகோல் பரிசளித்தது. மரியாதை இருந்தது, ஆனால் அந்த மரியாதைக்கும் ஒரு நிறம் இருந்தது. 1800இல் கட்டிய முந்தைய கார்ன்வாலிஸ் கப்பலின் உள்மரத்தில், 'இதைக் கட்டியவன் ஒரு பாழாய்ப்போன கறுப்பன்' என்ற பொருளில் அவரே ஆங்கிலத்தில் செதுக்கி வைத்ததாகவும், பல ஆண்டு கழித்துப் பழுது பார்க்கும்போதுதான் அது கண்ணில் பட்டதாகவும் ஒரு கதை உண்டு. கதை என்றே குறிப்பிட்டுப் பாடத்தில் போடுங்கள். கதைக்கும் ஆவணத்துக்கும் உள்ள வித்தியாசத்தைக் கற்றுக்கொடுக்க இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

ஒரு வேண்டுகோள்: இவரைத் தேச வீரராக ஆக்கிவிடாதீர்கள். அவர் கட்டியவை பேரரசின் போர்க்கப்பல்கள். அபினிப் போரில் சீனாவை மிரட்டியதும் அவற்றில் ஒன்றுதானே. நெசவாளர் தொழில் நசிந்ததைப் படிக்கும் மாணவருக்கு, அதே கம்பெனியின் கீழ் இன்னொரு தொழில் கொழித்ததும் தெரியவேண்டும். அதுவும் நீடிக்கவில்லை. இந்தியாவில் கட்டிய கப்பல்கள் தேம்ஸ் நதிக்கு வந்தபோது லண்டன் கப்பல் கட்டுவோர் கூச்சலிட்டார்கள். பிறகு இரும்பும் நீராவியும் வந்து மரக்கப்பலையே ஓரங்கட்டின. வாடியாக்களில் அர்தசீர் கர்செட்ஜி நீராவிப் பொறியியலுக்கு மாறி, 1841இல் லண்டன் ராயல் சொசைட்டி என்ற அறிவியல் கழகத்தின் உறுப்பினரானார். அந்தப் பெருமை பெற்ற முதல் இந்தியர் அவர்.

வாடியா குடும்பத்துப் பெயர்களாவது நமக்குக் கிடைத்தன. அவர்களுக்குக் கீழே வாய்ச்சியும் உளியும் பிடித்தவர்கள் பெயரில்லாமல் போனார்கள் என்பதையும் ஒரு வரியில் சேருங்கள்.

அப்புறம், பாடத்தின் கடைசியில் வரும் பயிற்சி. 'கார்ன்வாலிஸ் கப்பல் கட்டப்பட்ட ஆண்டு எது?' என்று கேட்காதீர்கள். தூத்துக்குடியில் தோணி கட்டிய தச்சர் ஒருவரைத் தேடிப் பேசி, மரத்தை எப்படித் தேர்ந்தெடுத்தார், பலகையை எப்படி வளைத்தார், வேலையை யாரிடம் கற்றார் என்று எழுதிவரச் சொல்லுங்கள். கடலில்லாத ஊர்ப் பிள்ளைகள் தங்கள் தெருத் தச்சரிடம் கேட்கட்டும். அதற்கு ஐந்து மதிப்பெண் தாராளமாகக் கொடுக்கலாம்.

இப்படிக்கு,
வரலாறு படிக்கும் ஒரு பெற்றோர்