பிரேக் பெடலின் ஆட்டத்தை ஒழிக்கச் சொல்லும் உங்கள் தாளைத் திரும்பப் பெறுங்கள்

அனுப்புநர்:
1978-ஆம் ஆண்டு புல்லட் 350 ஒன்றின் உரிமையாளர்,
திருச்சிராப்பள்ளி.

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு,
பழைய மோட்டார் சைக்கிள் உதிரிபாக நிறுவனம்,
சென்னை.

பொருள்: பின்சக்கர பிரேக் ஷூவுடன் நீங்கள் தரும் தவறான செய்முறைத் தாள், அதனால் என் வண்டிக்கு நேர்ந்த சேதம் தொடர்பாக.

ஐயா,

உங்கள் நிறுவனத்தின் பின்சக்கர பிரேக் ஷூ ஒரு ஜோடியை வாங்கி, திருச்சியில் உள்ள உங்கள் சர்வீஸ் மையத்திலேயே கூலி கொடுத்துப் பொருத்திக்கொண்டேன். வண்டி கைக்கு வந்த அதே வாரத்தில் துறையூர் சாலையில் போகும்போது கருகல் வாடை அடித்தது. எஞ்சின் முறுக்குக்கு வண்டி ஈடுகொடுக்கவில்லை. நிறுத்தி, பின்சக்கரத்தின் நடுவே பாட்டில் தண்ணீரைத் தெளித்தேன். பட்டதும் சுர்ரென்று ஆவியாகிவிட்டது. அங்கிருந்து பச்சைமலை ஏறுவதாகத் திட்டம். ஏறியிருந்தால் இறக்கத்தில் என்ன ஆகியிருக்கும் என்பதைத் தங்கள் யோசனைக்கே விடுகிறேன். 160 கிலோவுக்கு மேல் எடையுள்ள வண்டி அது. முன்சக்கரத்திலும் டிரம் பிரேக்தான். அதை மட்டும் நம்பி மலை இறங்க முடியாது.

வீட்டருகே உள்ள மெக்கானிக் சக்கரத்தைக் கழற்றிக் காட்டினார். ஷூவின் மேல் ஒட்டியிருக்கும் உரசு பட்டையான புது லைனிங் கண்ணாடி போல மெருகேறிப் பளபளத்தது. சக்கரத்தோடு சுழலும், ஷூ உள்ளிருந்து அழுத்திப் பிடிக்கும் டிரம்மின் உள்சுவரில் சூட்டால் நீலம் பாய்ந்திருந்தது. பேரிங்கில் இருந்த கிரீஸ் உருகி வெளியே கசிந்திருந்தது.

உங்கள் மையத்தில் வேலை பார்த்த இளைஞரை நான் குறை சொல்லவில்லை. ஷூ பெட்டிக்குள் நீங்கள் வைத்திருக்கும் தாளில் உள்ளதை அவர் எழுத்துப் பிசகாமல் செய்தார். அந்தத் தாள், “பெடலில் ஆட்டம் சிறிதும் இல்லாதவாறு நட்டை முடுக்கவும்” என்கிறது. போதாக்குறைக்கு அதில் உள்ள படத்தில் பிரேக் பெடல் வலது பக்கம் இருக்கிறது. பெட்டியின் மேல் புல்லட் என்று அச்சிட்டிருக்கிறீர்கள். அந்தக் காலத்துப் புல்லட்டில் கியர் வலது காலுக்கு, பிரேக் இடது காலுக்கு என்பது திருவொற்றியூர் தொழிற்சாலை வாசலில் டீக்கடை வைத்திருந்தவருக்கும் தெரிந்த செய்தி. வேறு ஏதோ வண்டிக்கு எழுதிய தாளை இதற்குள் திணித்திருக்கிறீர்கள் என்றே நினைக்க வேண்டியிருக்கிறது. எந்த வண்டியானாலும் அந்த வாக்கியம் தவறுதான்.

பெடலை மிதித்ததும் பிரேக் பிடிக்கத் தொடங்குமுன் அது சும்மா இறங்கும் தூரத்தை மெக்கானிக்குகள் ‘பிளே’ என்பார்கள். இவ்வகை பிரேக்கில் அது பொதுவாக 20 முதல் 30 மில்லிமீட்டர் வரை இருக்க வேண்டும். அது பழுது அல்ல. ஷூ டிரம்மைத் தொடாமல் விலகி நிற்பதற்கான இடம். அந்த இடத்தைப் பிடுங்கிவிட்டால் ஷூ எப்போதும் உரசிக்கொண்டே இருக்கும். இரண்டு ஷூக்களில் முன்னதைச் சுழலும் டிரம்மே தன்னோடு இழுத்து மேலும் அழுத்தும். ஆகவே லேசான உரசல் லேசாகவே நின்றுவிடுவதில்லை. சூடு ஏறும், லைனிங் மெருகேறும், பிறகு உண்மையாகவே மிதிக்க வேண்டிய நேரத்தில் பிடிப்பு இருக்காது.

இன்னொன்றும் நடந்திருக்கிறது. பிரேக்கை முடுக்கிய பிறகு செயினையும் இறுக்கிக் கொடுத்திருக்கிறார்கள். பில்லில் இரண்டு வேலைக்கும் கூலி போட்டிருக்கிறீர்கள். செயினை இறுக்கச் சக்கரத்தைப் பின்னால் தள்ளினால் அதில் உள்ள பிரேக் லீவரும் சேர்ந்து பின்னால் போகும். பெடலை அந்த லீவரோடு இணைக்கும் ராடின் நீளம் மாறாது. எனவே ஏற்கெனவே இல்லாத பிளே இன்னும் குறைந்து, யாரும் மிதிக்காமலே பிரேக் பிடித்த நிலையில் வண்டி என்னிடம் வந்தது. செயின் முதலில், பிரேக் பிறகு என்ற ஒரு வரி உங்கள் தாளில் இல்லை.

உங்கள் வாடிக்கையாளர் சேவைக்குத் தொலைபேசியில் சொன்னேன். “பழைய வண்டி என்றால் அப்படித்தான் சார், புது ஷூ செட் ஆகும்வரை கொஞ்சம் உரசும்” என்று பதில் வந்தது. புது லைனிங் டிரம்மின் வளைவுக்குப் பழகச் சில நூறு கிலோமீட்டர் ஆகும் என்பது உண்மை. ஆனால் அது பிரேக் பிடிக்கும்போது நடக்க வேண்டிய பழக்கம். பிடிக்காத நேரத்தில் நடக்கக் கூடாது. பிறகு, “தவறாக அட்ஜஸ்ட் செய்ததால் உத்தரவாதம் செல்லாது” என்று மின்னஞ்சல் அனுப்பினீர்கள். தவறாக அட்ஜஸ்ட் செய்தது உங்கள் மையம், செய்யச் சொன்னது உங்கள் தாள், தண்டம் கட்டுவது நான். இந்தக் கணக்கு எனக்கு விளங்கவில்லை.

தாளில் என்ன இருக்க வேண்டும் என்று நீங்கள் கேட்கவில்லை. இருந்தாலும் சொல்கிறேன், அச்சகத்துக்கு அனுப்ப வசதியாக இருக்கும். சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி முதலில் செயினைச் சரிசெய்ய வேண்டும். ஆக்சில் நட்டை முடுக்கும்போது பிரேக் பெடலை அழுத்திப் பிடித்திருந்தால் இரண்டு ஷூவும் டிரம்மின் நடுவில் பொருந்தும். சக்கரம் ஓரிடத்தில் மட்டும் உரசும் தொல்லை பெரும்பாலும் இதிலேயே போய்விடும். அடுத்து ராடின் நட்டை, கையால் சுற்றும் சக்கரம் உரசும்வரை முடுக்கி, தடையின்றிச் சுழலும்வரை தளர்த்த வேண்டும். நட்டில் உள்ள குழி லீவரின் உருளையில் அமர்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அமராமல் விட்டால் ஓடும்போது தானே அமர்ந்து அளவை மாற்றிவிடும். கடைசியாக ஒருவர் வண்டியில் உட்கார்ந்து பிளேயை மறுபடி அளக்க வேண்டும், ஏனெனில் பெடல் சட்டத்தில் இருக்கிறது, சக்கரமோ மேலும் கீழும் அசையும் ஃபோர்க்கில் இருக்கிறது. பாரம் ஏறினால் இடைவெளி மாறும். முழுதாக மிதிக்கும்போது லீவரும் ராடும் செங்கோணத்தைத் தாண்டிப் போனால் லைனிங் தேய்ந்துவிட்டது என்று பொருள். அதற்கு மேல் நட்டைத் திருகிப் பயனில்லை.

கேட்டதோடு இதையும் கேளுங்கள். உங்கள் மையத்தில் டிரம்மைத் திறந்தவுடன் உள்ளே இருந்த தூசியைக் காற்றுக் குழாயால் ஊதினார்கள். பழைய லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருக்கும். அந்தத் தூசியை ஊதக் கூடாது, ஈரத் துணியால் துடைத்தெடுக்க வேண்டும். முகத்தில் ஒரு துணிகூடக் கட்டாமல் அங்கே நின்றவர்கள் உங்கள் ஊழியர்கள்தான்.

நான் கேட்பது இது. ஷூவின் விலை, பொருத்துக் கூலி, டிரம்மைக் கடைசல் பிடித்த செலவு, புது பேரிங்கின் விலை ஆகியவற்றைத் திருப்பித் தர வேண்டும். அதைவிட முக்கியமாக, அந்தத் தாளைத் திரும்பப் பெற்று, இதே ஷூவை வாங்கிய மற்றவர்களுக்கும் தகவல் அனுப்ப வேண்டும். அவர்களுடைய தொலைபேசி எண்கள் உங்களிடம் உள்ளன. பண்டிகைத் தள்ளுபடிச் செய்தி அனுப்பும்போது அவற்றைத் தவறாமல் பயன்படுத்துகிறீர்கள்.

சரியான பயன்பாட்டுக்குப் போதிய அறிவுறுத்தல் தராத உற்பத்தியாளரை 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 84-ஆவது பிரிவு பொறுப்பாக்குகிறது. சேவை அளிப்பவருக்கு 85-ஆவது பிரிவு இருக்கிறது. நீங்கள் இரண்டுமாக இருக்கிறீர்கள். இக்கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் எழுத்து மூலம் பதில் வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவுசெய்துவிட்டு, மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை அணுகுவேன். 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்கு அங்கே கட்டணம் கிடையாது.

பில்லின் நகல், உங்கள் தாளின் நகல், டிரம், லைனிங் ஆகியவற்றின் புகைப்படங்களை இணைத்துள்ளேன். மெருகேறிய ஷூ ஜோடி என்னிடம் இருக்கிறது. அதைப் பார்க்க வேண்டுமென்றால் உங்கள் ஆளை அனுப்புங்கள். முன்கூட்டியே நான் அனுப்பி வைப்பதாக இல்லை.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்