பட்டியலில் ஊர் வேண்டாம், ஆட்களை எழுது

அன்புள்ள மாலதி,

உன் கடிதத்துக்குப் பத்து நாள் கழித்துப் பதில் எழுதுகிறேன், கோபிக்காதே. விடைத்தாள் கட்டுகளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். லிமிட் கணக்கில் எப்சிலானைத் தருவதற்கு முன்பே டெல்டாவைத் தேர்ந்தெடுத்துவிட்டவர்கள் மட்டும் இருபத்திரண்டு பேர்!

ஏழு வருடம் கழித்து வேலையை விட்டுவிட்டு மறுபடி கணக்குக்கே வருகிறாய் என்று படித்ததும் அவ்வளவு சந்தோஷம். ஆனால் பிஎச்டிக்கு விண்ணப்பிக்க நீ அனுப்பிய பதினைந்து பல்கலைக்கழகங்களின் பெயர்களைப் பார்த்தேன். தரவரிசையை மேலிருந்து கீழே அப்படியே எழுதிவிட்டாய், இல்லையா? நானும் அன்று அதைத்தான் செய்தேன். பெயருக்காகப் போய்ச் சேர்ந்த இடத்தில், நான் விரும்பிய எண் கோட்பாட்டுக்கு இருந்தவர் ஒரே ஒருவர். நான் இரண்டாம் வருடம் முடிப்பதற்குள் அவர் வேறு நாட்டுக்குப் போய்விட்டார். ஆறு மாதம் கைடு இல்லாமல் அலைந்தேன். நான் கிராஃப் கோட்பாட்டுக்காரி ஆனது இப்படித்தான், ஆசைப்பட்டு இல்லை.

அதனால் நீ விரும்பும் பக்கத்தில் குறைந்தது மூன்று பேராவது இருக்கும் துறையாகப் பார். ஒருவர் கிளம்பிவிடுவார், ஒருவர் புது மாணவர் வேண்டாம் என்பார். ஆர்க்கைவ் என்ற ஆய்வுக்கட்டுரைத் தளத்தில் அவர்கள் பெயரைப் போட்டு, சமீபத்தில் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று தேடு. கணிதவியலாளர்களின் வம்சாவளித் தளத்தில் யாரிடம் யார், எந்த வருடம் முடித்தார்கள் என்பது இருக்கும். அந்த மாணவர்களின் ஆய்வேடு கிடைத்தால் முதலில் நன்றியுரைப் பக்கத்தைப் புரட்டு. கைடுக்கு ஒரே வரி, வேறொரு பேராசிரியருக்கு ஒரு பத்தி என்றிருந்தால் உனக்கே புரிந்துவிடும்.

பிரிட்டனில் மூன்று, நாலு வருடத்தில் முடிந்துவிடும். ஆனால் என்ன செய்யப்போகிறாய், யாரிடம் என்பதையெல்லாம் பெரும்பாலும் விண்ணப்பிக்கும்போதே சொல்லியாக வேண்டும். அமெரிக்காவில் ஐந்து, ஆறு வருடம். தொடக்கத்தில் பாடங்களும் தகுதித் தேர்வும்தான். விட்ட இடத்தைப் பிடிக்க உனக்கு அந்த அவகாசம் தேவை. அதிலும் இடத்துக்கு இடம் வித்தியாசம் உண்டு. பிரின்ஸ்டனில் மூன்று பேராசிரியர்கள் எதிரே நின்று வாய்மொழித் தேர்வு: மெய்ப் பகுப்பாய்வு, சிக்கலெண் பகுப்பாய்வு, இயற்கணிதம், கூடவே நீயே தேர்ந்தெடுக்கும் இரண்டு தலைப்புகள். அதற்கு நீயாகத்தான் தயாராக வேண்டும். சிகாகோவில் அடிப்படைப் பாடங்களை முதல் வருடமே வரிசையாக நடத்திவிடுவார்கள். உனக்கு இப்போது அதுதான் சரி என்று எனக்குப் படுகிறது.

அமெரிக்க மேற்படிப்புக்கான ஜிஆர்இ கணிதத் தேர்வை இப்போது பல துறைகள் கட்டாயமாகக் கேட்பதில்லை. ஆனாலும் நீ எழுது, உன் ஏழு வருட இடைவெளிக்கு அது ஒரு பதில். கேள்விகளில் பாதி நுண்கணிதம்தான்.

உண்மையான தலைவலி பரிந்துரைக் கடிதங்கள். வழக்கமாக மூன்று கேட்பார்கள். ஏழு வருடத்துக்கு முன்னால் படித்தவளை யார் நினைவில் வைத்திருப்பார்கள்? எம்எஸ்சி ப்ராஜெக்டுக்கு உன்னைப் பார்த்துக்கொண்ட சாருக்கு இந்த வாரமே எழுது. பழைய ப்ராஜெக்டையும் இணைத்து அனுப்பு, இரண்டு பக்கம் படித்தால் அவருக்கு ஞாபகம் வந்துவிடும். பெரும்பாலான கடைசித் தேதிகள் டிசம்பரில்தான்.

அப்புறம், அடுத்த பட்டியலில் ஊர்களை எழுதாதே, ஆட்களை எழுது. சேர்ந்து பார்க்கலாம்.

உன் இடவியல் நோட்டு இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. டைகனாஃப் தேற்றத்தின் நிரூபணத்துக்குப் பக்கத்தில், 'சாய்ஸ் ஆக்சியம் இல்லாமல் முடியாதா?' என்று பென்சிலில் கேட்டிருக்கிறாய். அந்த அடிப்படை எடுகோள் இல்லாமல் முடியாது என்று கீழே எழுதிவைத்திருக்கிறேன். நோட்டை அனுப்பவா?

அன்புடன்,
வித்யா