அச்சைத் தூக்கினாயா, ஆத்தா?

அன்புள்ள மருமகளுக்கு,

உன் அரையாண்டுக் கணக்குத் தாளை உன் அப்பச்சி போட்டோ எடுத்து அனுப்பியிருந்தார். மதிப்பெண் இருக்கட்டும். ஒரு கணக்கை மட்டும் நீ தொடாமல் விட்டிருந்தாய். ஓரத்தில் ‘நாற்படி, நடத்தவில்லை’ என்று எழுதியிருந்தாய். அதைப் பார்த்து மனசு கேட்கவில்லை. காரைக்குடியில் என்னிடம் டியூஷன் வரும் பிள்ளைகளும் இதே இடத்தில்தான் நிற்கிறார்கள். அதனால்தான் உனக்கு எழுதுவதை எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

உன் புத்தகத்தில் எக்ஸ் இருக்கும் இடத்தில் நான் ‘அ’ போடுகிறேன். எழுத்து மாறினால் கணக்கு மாறாது. இன்றைய பாடமே அதுதான்.

நீ விட்ட நாற்படிக் கணக்கு, அதாவது அ-வின் நான்காம் அடுக்கு வரும் கணக்கு: அ⁴ − 13அ² + 36 = 0.

அ⁴ என்பது அ²-இன் வர்க்கம். ஆகவே அ²-ஐ ஒரே பொருளாகப் பார். அதற்கு ‘உ’ என்று பெயர் வை. உ² − 13உ + 36 = 0. இது உனக்குத் தண்ணீர் பட்ட பாடு. பெருக்கினால் 36, கூட்டினால் 13: 4, 9. ஆக உ = 4 அல்லது 9.

இங்கேதான் பலரும் கோடு கிழித்துக் கணக்கை மூடிவிடுகிறார்கள். பொங்கலுக்கு வந்தபோது தரையில் பதிக்கும் ஆத்தங்குடிக் கல் போடும் பட்டறைக்குப் போனோமே, நினைவிருக்கிறதா? கண்ணாடி மேல் சட்டத்தை வைத்து, உள்ளே பூ அச்சை வைத்து, கட்டத்துக்குக் கட்டம் வேறு வேறு நிறத்தை ஊற்றினார் அந்த அண்ணன். நீ மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தாய். பிறகு அச்சை மெல்லத் தூக்கினார். நிறம் நிறத்தோடு கலக்காமல் பூ அப்படியே நின்றது. அதன்மேல் உலர்ந்த மணலும் சிமெண்டும் தூவி, சாந்து வைத்து அழுத்தி, பிறகு தண்ணீரில் ஊறப்போட்டார்கள். அச்சு இல்லாமல் பூ வராது. ஆனால் அச்சை உள்ளேயே விட்டால் அது கல்லே இல்லை.

உ அந்த அச்சு. வேலை முடிந்ததும் தூக்கியாக வேண்டும். அ² = 4 என்றால் அ = 2 அல்லது −2. அ² = 9 என்றால் 3 அல்லது −3. மூலங்கள், அதாவது விடைகள், நான்கு. உ-வோடு நிறுத்தியவளுக்கு அதில் ஒன்றுகூடச் சரியாகக் கையில் இல்லை.

தூக்கும்போது சில சமயம் ஒரு விடை கழன்றுவிடும். அ − √அ − 6 = 0 என்று எடுத்துக்கொள். √அ-வை உ என்று வைத்தால் உ² − உ − 6 = 0; உ = 3 அல்லது −2. வர்க்கமூலக் குறி எதிர்மறை எண்ணைத் தராது. அதனால் −2 போகட்டும்; அ = 9 மட்டும். அவசரத்தில் −2-ஐ வர்க்கப்படுத்தி 4 என்று எழுதினால், திரும்பப் போட்டுப் பார்: 4 − 2 − 6 = −4. பூஜ்யம் வரவில்லை.

இது நாற்படிக்கு மட்டுமான வழி என்று எண்ணாதே. நம் வீட்டுப் பின்கட்டில் ஓர் அறைக்கு 140 கல், நீளத்தில் அகலத்தைவிட 4 கல் கூடுதல் என்று வைத்துக்கொள்வோம். அகலம் அ என்றால் அ(அ + 4) = 140. இரண்டுக்கும் நடுவில் நிற்கும் அ + 2-ஐ உ என்று வை. (உ − 2)(உ + 2) = 140. அதாவது உ² = 144, உ = 12. அகலம் 10, நீளம் 14. காரணி தேடி அலையவே வேண்டாம். (−12 எடுத்தால் அகலம் −14, அறைக்கு ஆகாது.)

நீ மனப்பாடம் செய்து வெறுக்கும் இருபடிச் சமன்பாட்டுச் சூத்திரத்துக்குள்ளும் இதே அச்சுதான் இருக்கிறது. பழைய இந்தியக் கணித அறிஞர் ஸ்ரீதரர் சொன்ன வழி அது. அவருடைய பீஜகணித (இயற்கணித) நூல் நமக்குக் கிடைக்கவில்லை, 12-ஆம் நூற்றாண்டில் இரண்டாம் பாஸ்கரர் தம் நூலில் அந்த விதியை எடுத்துச் சொன்னதால் பிழைத்தது. முதல் கெழுவின் (அ²-க்கு முன் நிற்கும் எண்) நான்கு மடங்கால் இருபுறமும் பெருக்கு, நடுக்கெழுவின் (அ-வுக்கு முன் நிற்கும் எண்) வர்க்கத்தை இருபுறமும் கூட்டு, அவ்வளவுதான். 2அ² + 3அ = 5-ஐ 8-ஆல் பெருக்கினால் 16அ² + 24அ = 40. 9-ஐக் கூட்டினால் இடப்பக்கம் (4அ + 3)², வலப்பக்கம் 49. 4அ + 3-ஐ உ என்று பார்: உ = 7 அல்லது −7. அச்சைத் தூக்கினால் அ = 1 அல்லது −5/2. அந்த 49-தான் உங்கள் வகுப்பில் தன்மைகாட்டி என்று சொல்வது. எனக்கு இது புரிந்த நாளில் சூத்திரத்தின் மேலிருந்த பயமே போய்விட்டது. உனக்கும் போகவேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

இதைப் போட்டுப் பார்:

(அ² − 5அ)² + 10(அ² − 5அ) + 24 = 0

அடைப்பை விரிக்காதே. ஞாயிற்றுக்கிழமை உன் அப்பத்தாவோடு பேச போன் போடுவேன். நான்கு விடையையும் அப்போது சொல்.

அன்புடன்,
அத்தை