வம்சாவளியில் இடம்பெறாத பெண்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குடும்ப வரலாறு எழுதுவது குறித்துத் தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் வெளிவந்த கட்டுரை, பெரியவர்களிடம் பேசுவது, பழைய புகைப்படங்களைச் சேர்ப்பது, வம்சாவளி வரைவது எனப் பயனுள்ள வழிகள் பலவற்றைச் சொல்லியிருந்தது. ஆனால் அவை பெரும்பாலும் சந்ததி உள்ளவர்களைத் தேடுவதற்கே உதவும். சிறு வயதிலேயே கணவரை இழந்து, பிள்ளைப்பேறும் இல்லாமல், பிறந்த வீட்டுக்கும் புகுந்த வீட்டுக்கும் நடுவில் நின்றுவிட்ட பெண்களை அவ்வழிகளில் கண்டறிவது கடினம். என் தாத்தாவின் தமக்கையை, அதாவது எங்கள் அத்தைப் பாட்டியைத் தேடிய அனுபவத்தைக் கொண்டு இதை எழுதுகிறேன். உறவினர் சிலர் விரும்பாததால் அவர் பெயரை இங்கே தவிர்த்திருக்கிறேன். அந்த விருப்பமின்மையே எதையோ சொல்லாமல் சொல்கிறது.

அவரைப் பற்றி எங்கள் வீட்டில் மிஞ்சியிருந்தது, "மதராஸில் டீச்சராக இருந்தாள்" என்ற ஒரு வரிதான். தர்ப்பணத்தில் தந்தை வழியிலும் தாய் வழியிலும் மும்மூன்று தலைமுறையினரைச் சொல்வதால் கொள்ளுத்தாத்தாவின் பெயர் எங்களுக்கு மனப்பாடம். உடன்பிறந்த பெண்களுக்கு அந்த வரிசையில் இடமில்லை.

துப்புக் கிடைத்தது சார்பதிவாளர் அலுவலகத்தில். இணையத்தில் வில்லங்கச் சான்று பார்ப்பவர்கள், மிகப் பழைய பதிவுகள் பல அதில் கிடைக்காததைக் கண்டு திரும்பிவிடுகிறார்கள். ஆனால் 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம், சொத்தைக் கொண்டு தேட ஓர் அட்டவணையையும், எழுதிக்கொடுத்தவர், எழுதிவாங்கியவர் பெயர்களைக் கொண்டு தேட இன்னோர் அட்டவணையையும் வைத்திருக்கச் சொல்கிறது. புகுந்த வீட்டாரின் ஊருக்குரிய அலுவலகத்தில் மனுச் செய்து, பெயர் அட்டவணையின் வழியாகத் தேடியபோது, 1920களில் அவர் எழுதிக்கொடுத்த விடுதலைப் பத்திரம் ஒன்று அகப்பட்டது. இந்துப் பெண்களுக்கான 1937ஆம் ஆண்டுச் சொத்துரிமைச் சட்டத்துக்கு முன், பாகம் பிரியாத குடும்பத்தில் கணவரை இழந்த பெண்ணுக்கு ஜீவனாம்சம் கேட்கும் உரிமைதான் இருந்தது. அதற்கும் ஈடாக ஒரு தொகையைக் கொடுத்து, இனிக் குடும்பச் சொத்தில் யாதொரு பாத்தியதையும் இல்லை என்று எழுதிவாங்கியிருக்கிறார்கள். பத்திர நகலின் முடிவில் அவர் பெயருக்கு எதிரே "கைநாட்டு" என்றிருக்கிறது. ஏறக்குறைய கால் நூற்றாண்டுக்குப் பின், மாம்பலத்தில் ஒரு சிறு மனையை அவர் விற்ற கிரயப் பத்திரத்திலோ கையொப்பம் இருக்கிறது. தொழில் "உபாத்தியாயினி" எனக் கண்டிருக்கிறது. இடையில் அவர் எங்கே படித்தார் என்பதே அடுத்த கேள்வி.

அதற்கான விடை, பலரும் அறிந்த வரலாறு ஒன்றின் ஓரத்தில் இருந்தது. தாமே இளம் வயதில் கணவரை இழந்தவரும், 1911இல் பட்டம் பெற்றவருமான சகோதரி சுப்பலட்சுமி, மறு ஆண்டே சாரதா மகளிர் சங்கத்தைத் தொடங்கி, அரசின் துணையோடு இளம் விதவைகளுக்கான இல்லத்தையும் நடத்தினார். அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமிக்க 1842இல் கட்டப்பட்டு, இன்று விவேகானந்தர் இல்லமாக விளங்கும் ஐஸ் ஹவுஸில் அந்த இல்லம் பல்லாண்டுகள் இயங்கியது. 1927இல் அவர் சாரதா வித்தியாலயத்தையும் நிறுவினார். எங்கள் அத்தைப் பாட்டி அங்கே, பிறர் படிப்பை முடிக்கும் வயதில் படிக்கத் தொடங்கியவர் என்பது, உறவினர் ஒருவர் வீட்டுப் பரணில் கிடந்த சான்றிதழாலும் ஒரு குழுப் புகைப்படத்தாலும் உறுதியாயிற்று. ஐஸ் ஹவுஸ் இல்லம் பிராமண விதவைகளுக்கென ஏற்பட்டது என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். அந்த வாய்ப்பும் கிட்டாத பிற சாதிப் பெண்களைத் தேடுவோருக்கு ஆவணங்கள் இன்னும் அரிது.

இதற்கு மேல் என்னால் செல்ல முடியவில்லை. அவர் ஆசிரியராகப் பணியாற்றிய பள்ளியில், 1950க்கு முற்பட்ட சேர்க்கை ஏடுகளும் ஊழியர் பதிவேடுகளும் இடப்பற்றாக்குறையால் எடைக்குப் போடப்பட்டுவிட்டதாகச் சொன்னார்கள். சொன்னவரைக் குறை கூற மாட்டேன். வைத்துக் காக்கும்படி அவரிடம் யாரும் கேட்டிருக்கவில்லை. ஆனால் இழப்பு சிறியதன்று. இங்கிலாந்து, வேல்ஸ் பகுதிகளின் 1921ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்புப் படிவங்கள் நூறாண்டு நிறைந்ததும் 2022 ஜனவரியில் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டன. நம் நாட்டில் 1948ஆம் ஆண்டுக் கணக்கெடுப்புச் சட்டப்படி தனிமனிதர் விவரங்களை எவரும் பார்வையிட முடியாது. ஆகவே சொத்தும் பிள்ளைகளும் இல்லாத ஒரு பெண்ணின் பெயர், அவருக்குரிய பெயராகவே எழுதப்பட்ட இடங்கள் நம்மிடம் மிகச் சில. பள்ளி ஏடு அவற்றுள் ஒன்று. முதல் பொதுத்தேர்தலின்போது, இன்னாரின் மனைவி, இன்னாரின் தாய் என்று மட்டும் பதிந்துகொண்ட சுமார் 28 லட்சம் பெண்கள் வாக்காளர் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டனர். அவர்களில் பெரும்பாலோர் வடக்கே உள்ளவர்கள் என்றாலும், நம் வீட்டு வம்சாவளிப் படங்களிலும் பெண்கள் இன்றுவரை அப்படித்தானே எழுதப்படுகிறார்கள்?

எனவே, 75 ஆண்டுகள் கடந்த பள்ளிச் சேர்க்கை ஏடுகளையும், ஆசிரியப் பயிற்சி நிறுவனங்கள், மகளிர் இல்லங்கள் ஆகியவற்றின் பதிவேடுகளையும் அழிக்கலாகாது எனப் பள்ளிக் கல்வித் துறை ஒரு சுற்றறிக்கை அனுப்பவேண்டும். எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகம் அவற்றை மாவட்டவாரியாகப் படமெடுத்து, பெண்களின் சொந்தப் பெயரைக் கொண்டே தேடும்படி அட்டவணை தயாரிக்கவேண்டும். இதற்குப் புதிய சட்டம் எதுவும் தேவை என்று தோன்றவில்லை. ஐஸ் ஹவுஸ், சாரதா வித்தியாலயக் காலத்துக் குழுப் படங்களையோ கடிதங்களையோ வைத்திருக்கும் வாசகர்கள், படத்தில் இருப்பவர்களின் பெயர்களைப் பின்புறம் பென்சிலால் எழுதிவைத்து, காப்பகம் நகலெடுத்துக்கொள்ளக் கொடுத்துதவ முன்வர வேண்டும் எனவும் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
கும்பகோணம்