சிங்கப்பெருமாள் கோவிலிலிருந்து நுங்கம்பாக்கம்: அண்ணன் மகளுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள அண்ணன் மகளுக்கு,

அத்தை எழுதுகிறேன். நுங்கம்பாக்கம் அலுவலகத்துக்கு நாள்தோறும் ரயிலில் போய்வருவதைப் பற்றிச் சென்ற ஞாயிற்றுக்கிழமை நீ தொலைபேசியில் கேட்டதற்கு அன்று நான் சரியாகப் பதில் சொல்லவில்லை. "இந்தப் பயணம் எனக்குக் கட்டுப்படியாகுமா அத்தை?" என்று கேட்டாய். "பழகிவிடும்" என்று சொல்லிவிட்டு, போனை வைத்த பிறகு நெடுநேரம் வருந்தினேன். 24 ஆண்டுகள் செங்கல்பட்டுக்கும் எழும்பூருக்கும் இடையே போய்வந்தவள் சொல்லக்கூடிய பதில் அதுவல்ல. உனக்கு மட்டும் எழுதியிருக்கலாம். ஆனால் காலை வண்டியில் உன் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்களில் பாதிப் பேர் மனத்துக்குள் இதே கணக்கைத்தான் போட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும் என்பதால் எல்லோரும் படிக்கும்படியே எழுதுகிறேன்.

முதலில் நேரத்தைச் சரியாக எண்ணிப் பார். "ஒன்றேகால் மணி நேரப் பயணம்" என்று நீ சொன்னது சிங்கப்பெருமாள் கோவில் நடைமேடையிலிருந்து நுங்கம்பாக்கம் நடைமேடை வரைக்கும் உள்ள நேரம். வீட்டுக் கதவைப் பூட்டுவது, ஸ்கூட்டரை ஸ்டாண்டில் போடுவது, வண்டி வரும்வரை நிற்பது, இறங்கிய பின் படியேறி இறங்கி ஷேர் ஆட்டோ பிடித்து அலுவலக இருக்கையில் அமர்வது ஆகிய அனைத்தையும் சேர்த்தால் ஒரு பக்கத்துக்கு இரண்டு மணி நேரம் ஆகிறது என்பதை நீயே பின்னால் ஒப்புக்கொண்டாய். நாளொன்றுக்கு நான்கு மணி, ஆண்டுக்கு 250 வேலைநாள் என்று வைத்தால் 1,000 மணி நேரம். எட்டு மணி நேர வேலைநாளாக அதைப் பிரித்தால் 125 நாள். ஆண்டில் 125 நாள் சம்பளமில்லாத இன்னொரு வேலையையும் நீ பார்க்கிறாய் என்று பொருள்.

சம்பளத்தையும் அந்தக் கண்ணோடு பார். உனக்குக் கைக்கு வருவது 40,000 ரூபாய். மாதம் 22 நாள், நாளுக்கு எட்டு மணி என்றால் ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 227 ரூபாய். பயணத்தையும் சேர்த்துப் பன்னிரண்டு மணி நேரமாகக் கணக்கிட்டால் அது 152 ரூபாயாக இறங்கிவிடுகிறது. மறைமலைநகரில் 30,000 ரூபாய்க்கு ஒரு வேலை வந்ததாகவும், அதை வேண்டாம் என்று விட்டதாகவும் சொன்னாய். போக வர ஒரு மணி நேரம் மட்டுமே ஆகும் அந்த வேலைக்கு இதே கணக்கைப் போட்டால் அதுவும் 152 ரூபாய்தான். நுங்கம்பாக்கத்தில் கூடுதலாகக் கிடைக்கும் பத்தாயிரம் முழுவதும் ரயிலில் நீ செலவிடும் மணிகளுக்கான கூலி என்பதை நான் காகிதத்தில் எழுதிப் பார்த்தபோது எனக்கே வியப்பாக இருந்தது.

ஆனாலும் அந்த வேலையை நீ விட்டது தவறு என்று சொல்லமாட்டேன். இந்தக் கணக்கில் வராத ஒன்று இருக்கிறது. இப்போதைய அலுவலகத்தில் நீ தணிக்கை கற்றுக்கொள்கிறாய், ஐந்தாண்டு கழித்து உன் சம்பளம் எங்கே நிற்கும் என்பது இங்கே வேறு, அங்கே வேறு. நானும் அப்படித்தான் 1994-இல் எழும்பூர் வேலையைப் பிடித்துக்கொண்டேன். பின்னாளில் கிடைத்த ஓய்வூதியமும், செங்கல்பட்டில் நாங்கள் கட்டிய வீடும், மகனின் கல்லூரிப் படிப்பும் அந்தப் பிடிவாதத்தால் வந்தவை. ஆகவே, வேலையை விடுவதா என்பதைவிட, இந்த வேலைக்கு எங்கிருந்து போவது என்பதே நீ கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி என்று நினைக்கிறேன்.

சீசன் டிக்கெட் மலிவு என்பது இந்த முடிவில் நம்மை ஏமாற்றும் முதல் விஷயம். ஒரு மாதம் முழுவதும் கடற்கரை வரை போய்வர இரண்டாம் வகுப்புக்குச் சில நூறு ரூபாய்தான். நகரத்துக்குள் பெட்ரோல் போட்டு ஓட்டுபவர் ஒரே வாரத்தில் அதைச் செலவழித்துவிடுவார். பணம் குறைவாகப் போவதால் பயணமே குறைவான செலவு என்று மனம் எண்ணிவிடுகிறது. கடற்கரையிலிருந்து செங்கல்பட்டு ஏறக்குறைய 60 கிலோமீட்டர், தாம்பரம் அதில் பாதித் தூரம். இந்த இரு பகுதிகளுக்கும் கட்டணத்தில் உள்ள வேறுபாடு சொற்பம், வாழ்க்கையில் உள்ள வேறுபாடு மிகப் பெரிது.

தாம்பரம் வரைக்கும் மின்சார ரயில் ஓடத் தொடங்கியது 1931-இல். குரோம்பேட்டையும் பல்லாவரமும் தாம்பரமும் அந்தத் தடத்தை ஒட்டி வளர்ந்த ஊர்கள், ஆகவே அங்கே வண்டிகள் அடுத்தடுத்து வரும், ஒன்றை விட்டால் சில நிமிடங்களில் இன்னொன்று கிடைக்கும். நம் பக்கம் அப்படியல்ல. காலையில் நீ ஒரு வண்டியைத் தவறவிட்டால் அடுத்ததற்கு அரை மணி நேரம் வரை நிற்க நேரும். அந்தப் பயத்தினாலேயே தேவைக்கு இருபது நிமிடம் முன்னதாகவே வீட்டை விட்டுக் கிளம்புகிறோம். அந்த இருபது நிமிடத்தை யாரும் பயண நேரத்தில் சேர்ப்பதில்லை.

காலையில் உனக்கு உட்கார இடம் கிடைக்கிறது என்று மகிழ்ச்சியாகச் சொன்னாய், அது உண்மையான மகிழ்ச்சிதான். செங்கல்பட்டில் புறப்படும் வண்டி பரனூர் தாண்டி உன் நிலையத்துக்கு வரும்போது இருக்கை இருக்கும், கூடுவாஞ்சேரியில்தான் பெட்டி நிறையும். மாலையில் நிலைமை தலைகீழ். கடற்கரையில் தொடங்கும் வண்டி கோட்டை, பூங்கா, எழும்பூர், சேத்துப்பட்டு என்று நிரம்பிக்கொண்டே வந்து நுங்கம்பாக்கத்தில் உன் முன் நிற்கும்போது கால் வைக்க இடமிருக்காது. தாம்பரத்தில் கூட்டம் இறங்கும்வரை நின்றபடிதான் வரவேண்டும். எங்கள் காலத்தில் எழும்பூரிலிருந்து எதிர்வண்டியில் கடற்கரைக்குப் போய், அங்கே இருக்கை பிடித்துக்கொண்டு திரும்பி வருவோம். உட்கார்ந்து வருவதற்காகவே நாள்தோறும் அரை மணி நேரத்துக்கு மேல் கொடுத்தோம். கால்வலி இல்லாமல் வருவது அதற்கு ஈடு என்று அப்போது தோன்றியது.

மகளிர் பெட்டியைப் பற்றியும் சொல்ல வேண்டும். அந்தத் தோழமையை நான் மறக்கமாட்டேன். என் பிரசவ விடுப்புக்கு முதல் நாள் உடன் வரும் தோழிகள் எனக்கு வளையல் போட்டதும் அந்தப் பெட்டியில்தான். ஆனால் மாலை வண்டியில் மடியில் செய்தித்தாளை விரித்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டு வந்ததை அப்போது திறமை என்று நினைத்துப் பெருமைப்பட்டேன். இன்று யோசித்தால், வீட்டுக்குப் போய்ச் சேரும்முன்பே அடுப்படி வேலை தொடங்கிவிட்டது என்பதுதான் அதன் பொருள். "ரயிலில் கிடைக்கும் நேரம் நமக்கே நமக்கு" என்று சொல்வார்கள். இருக்கை கிடைத்த காலை வேளைகளில் மட்டும் அது எனக்கு உண்மையாக இருந்தது. கொளவாய் ஏரியைத் தாண்டியதும் புத்தகத்தைத் திறப்பேன், தாம்பரத்தில் கூட்டம் ஏறும்வரை படிப்பேன்.

பழகிவிடும் என்று நான் சொன்னதைத் திரும்பப் பெற இன்னொரு காரணமும் உண்டு. சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த பொருளியல் அறிஞர்கள் புரூனோ ஃபிரையும் அலோயிஸ் ஸ்டட்ஸரும் ஜெர்மானியக் குடும்பங்களிடம் பல ஆண்டுகளாகத் திரட்டப்பட்ட தரவுகளை ஆராய்ந்து, வேலைக்கு நெடுந்தூரம் போய்வருபவர்கள் தங்கள் வாழ்க்கையில் நிறைவு குறைவாக இருப்பதாகவே சொல்கிறார்கள் என்று காட்டினார்கள். கூடுதல் சம்பளமோ, மலிவாகக் கிடைக்கும் பெரிய வீடோ அந்தக் குறையை முழுவதும் ஈடு செய்ய வேண்டும் என்பது பொருளியல் கொள்கை. நடைமுறையில் அப்படி ஈடு செய்யவில்லை. உளவியல் அறிஞர் டேனியல் கானெமனும் அவருடைய குழுவினரும் டெக்சாஸில் வேலைபார்க்கும் 909 பெண்களிடம் முந்தைய நாளை நிகழ்ச்சி நிகழ்ச்சியாக நினைவுகூரச் சொல்லி 2004-இல் வெளியிட்ட ஆய்விலும், காலையில் வேலைக்குப் போகும் பயணமே நாளின் மிகக் குறைந்த இன்பம் தரும் பொழுதாக இருந்தது. அவர்களுடைய பயணமும் நம்முடையதும் ஒன்றல்ல என்றாலும், புதிய வீடு, புதிய சம்பளம் ஆகியவற்றுக்கு மனம் விரைவில் பழகிவிடுகிறது, நாள்தோறும் புதிதாக வரும் அலைச்சலுக்கு அது அப்படிப் பழகுவதில்லை என்பதை என் உடம்பே எனக்குச் சொல்லியிருக்கிறது.

மோசமான நாள்களையும் கணக்கில் வை. 2015 டிசம்பர் வெள்ளத்தின்போது வண்டிகள் நின்றுபோய், இரண்டு இரவுகள் அலுவலகத்திலேயே படுத்திருந்தேன். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் தடம் முடங்கியது. 2024 ஆகஸ்டில் தாம்பரம் யார்டு வேலைக்காக வண்டிகள் பல்லாவரத்தோடும் கூடுவாஞ்சேரியோடும் நிறுத்தப்பட்டபோது, நடுவிலுள்ள தூரத்தைப் பேருந்தில் கடக்க நீ பட்ட பாட்டை நீயே சொன்னாய். குளிரூட்டிய மின்சார ரயில் 2025 ஏப்ரல் முதல் இந்தத் தடத்தில் ஓடுகிறது, நல்லதுதான். ஆனால் சேவைகளும் குறைவு, கட்டணமும் அதிகம். அதை நம்பி முடிவெடுக்காதே.

இனி எனக்குக் கடினமான பகுதி. என் மகனின் முதல் நான்கு ஆண்டுகளில் காலை ஆறேகாலுக்கு நான் கிளம்பும்போது அவன் தூங்கிக்கொண்டிருப்பான், இரவு எட்டேகாலுக்குத் திரும்பும்போது பெரும்பாலும் தூங்கியிருப்பான். அவன் பேசிய புதிய சொற்களை மாமியார் எனக்கு ஒவ்வொன்றாகச் சொல்லிக் காட்டுவார். ஒருநாள் அவனுக்குக் காய்ச்சல் வந்து மருத்துவமனைக்குப் போய்வந்து ஊசியும் போட்ட பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அவன் பள்ளிக்குப் போகத் தொடங்கிய பிந்தைய ஆண்டுகளின் பயணத்தை நான் எண்ணி வருந்தவில்லை. அந்த முதல் நான்கு ஆண்டுகளில் தாம்பரத்துக்காவது குடிபோயிருக்க வேண்டும். வாடகை கொடுக்கப் பணமிருந்தும், "சொந்த வீட்டைப் பூட்டிவிட்டு வாடகை வீட்டுக்கா?" என்ற ஒரே சொல்லுக்குப் பயந்து போகாமல் இருந்துவிட்டோம்.

உன் குழந்தைக்கு இப்போது மூன்று வயது. நீ மேற்குத் தாம்பரத்தில் பார்த்த வீட்டுக்கு வாடகை 14,000, உங்கள் வீட்டை வாடகைக்கு விட்டால் 8,000 வரும், ஆக மாதம் 6,000 கைவிட்டுப் போகும். அங்கிருந்து நுங்கம்பாக்கத்துக்கு ரயிலில் ஏறக்குறைய முக்கால் மணி, கதவிலிருந்து கதவு வரை ஒன்றேகால் மணிக்குள் முடிந்துவிடும். உனக்கு நாளுக்கு ஒன்றரை மணி நேரமாவது மிச்சம். மாப்பிள்ளைக்குத்தான் கூடும். இப்போது மறைமலைநகர் ஆலைக்குப் பைக்கில் கால் மணியில் போகிறவர், தாம்பரத்திலிருந்து முக்கால் மணி நேரம் செலவிட வேண்டும். காலையில் எதிர்த்திசை வண்டியிலும் பொத்தேரி வரை மாணவர் கூட்டம் இருக்கும், அதற்குப் பிறகு வண்டி காலியாகிவிடும். மொத்தமாகப் பார்த்தால் குடும்பத்துக்கு நாளுக்கு அரை மணி நேரம்தான் மிச்சமாகிறது. ஆகவே இது வீண் அலைச்சல் என்று யாராவது சொல்லக்கூடும்.

நான் அப்படிப் பார்க்கவில்லை. இன்று ஒருவர் நான்கு மணி நேரமும் மற்றவர் அரை மணி நேரமும் சுமக்கிறீர்கள். தாம்பரத்தில் நீ இரண்டரை மணி, அவர் ஒன்றரை மணி. வாடகையைப் பங்குபோடுவதுபோல் தூரத்தையும் பங்குபோட்டுக்கொள்வது அது. மாப்பிள்ளையிடம் நீ கேட்கத் தயங்குவது எனக்குப் புரிகிறது. அவர் நல்ல மனிதர், எண்களை எழுதிக் காட்டிக் கேள். உன் மாமியார் உடன் வரச் சம்மதித்துவிட்டார் என்பது, எங்களுக்கு அந்நாளில் கிடைக்காத பெரிய வசதி.

என் கருத்தை ஒளிவுமறைவின்றிச் சொல்கிறேன். வேலையை விடாதே. இரண்டு ஆண்டுகளுக்கு, குழந்தை ஒன்றாம் வகுப்பில் சேரும்வரைக்கும், தாம்பரத்துக்குக் குடிபோங்கள். சிங்கப்பெருமாள் கோவில் வீட்டை விற்காதீர்கள், பதினோரு மாத ஒப்பந்தத்தில் வாடகைக்கு விடுங்கள். முடிவுத் தேதி ஒன்றை நாள்காட்டியில் குறித்துவைத்துக்கொண்டு போனால், அது ஊரை விட்டுப் போவதாக மாமனாருக்கும் தோன்றாது.

அதற்கு முன் ஒரு வேலை செய். நாளை முதல் பத்து வேலைநாள்கள், கதவைப் பூட்டும் நேரத்தையும் திரும்பி வந்து செருப்பைக் கழற்றும் நேரத்தையும், அன்று குழந்தை விழித்திருக்கும்போது அதனுடன் இருந்த நேரத்தையும் ஒரு நோட்டில் எழுதிவை. அடுத்த மாதம் இரண்டாம் ஞாயிற்றுக்கிழமை நான் தாம்பரம் வருகிறேன். அந்த நோட்டை எடுத்துக்கொண்டு மாப்பிள்ளையையும் அழைத்து வா, மூன்று பேருமாக அந்த வீட்டைப் போய்ப் பார்ப்போம். தண்ணீர் எப்படி வருகிறது என்று பக்கத்து வீட்டாரிடம் நானே விசாரிக்கிறேன்.

அன்புடன்,
உன் அத்தை