எட்டாம் வகுப்பின் கீழடிப் பயணம்: நன்கொடை வேண்டுகோள்

அன்புடையீர், வணக்கம்.

நமது ஊர் அரசு உயர்நிலைப் பள்ளியின் எட்டாம் வகுப்பு மாணவ மாணவியர் 42 பேரும் வரும் பிப்ரவரி முதல் சனிக்கிழமை கீழடிக்குக் கல்விச் சுற்றுலா செல்லவிருக்கின்றனர். கீழடியை அடுத்த கொந்தகையில் செட்டிநாட்டுக் கட்டடப் பாணியில் எழுப்பப்பட்டு, 2023 மார்ச் 5 அன்று திறக்கப்பட்ட அருங்காட்சியகத்தை அவர்கள் பார்த்து வருவார்கள். தேனி மாவட்டத்திலிருந்து ஒரே நாளில் போய்த் திரும்பிவிடலாம். பேருந்து வாடகை 16,500 ரூபாய், உடன் வரும் நான்கு ஆசிரியர்கள் உட்பட 46 பேருக்குச் சாப்பாடு 5,060 ரூபாய், நுழைவுக் கட்டணம், குடிநீர், முதலுதவிக்கு 1,440 ரூபாய் என மொத்தம் 23,000 ரூபாய் ஆகும்.

இதில் 8,000 ரூபாயைப் பிள்ளைகளே ஈட்டுவது என்று ஜூலையில் முடிவானது. வீட்டிலிருந்து ஒரு ரூபாயும் வாங்கி வரக் கூடாது. அதிகம் விற்றவருக்குச் சன்னலோர இருக்கை என்பதும் கிடையாது. எங்கள் கல்விச் சுற்றுலாக் குழு 1,000 ரூபாயை முதலாகக் கடன் கொடுத்தது. அதை நவம்பருக்குள் முழுமையாகத் திருப்பித் தந்துவிட்டார்கள்.

முதல் வியாபாரம் அவித்த கடலை. பெற்றோர் கூட்டத்தன்று 6 கிலோ பச்சைக் கடலையை 420 ரூபாய்க்கு வாங்கி அவித்து, பொட்டலம் 10 ரூபாய் வீதம் 64 பொட்டலங்கள் விற்றார்கள். கணக்கு நோட்டில் அன்று மாலை "லாபம் 640" என்று எழுதிச் சிவப்பு மையால் கோடும் போட்டாயிற்று. மறுநாள் வகுப்பாசிரியை கடலையின் விலையைக் கழிக்கச் சொன்னார். பிறகு விறகுக்கும் உப்புக்குமான 35 ரூபாயை. பிறகு கடன் சொல்லிப் போன ஒன்பது பேரின் 90 ரூபாயை. கையில் நின்றது 95 ரூபாய். அந்தக் கடனில் இரண்டு பொட்டலங்களின் காசு இன்னும் வரவில்லை. அவற்றில் ஒன்று இக்குழு உறுப்பினர் ஒருவருடையது என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறோம். அதே பக்கத்தின் கீழே ஒரு மாணவி, "அவித்துக் கொடுத்த அம்மாவுக்குக் கூலி?" என்று எழுதித் தொகைக்கான இடத்தை வெறுமையாக விட்டிருக்கிறாள். அதில் எவ்வளவு எழுதுவது என்று வகுப்பில் இரண்டு நாள் விவாதம் நடந்தும் அந்த இடம் இன்னும் நிரப்பப்படவில்லை.

எங்களில் மூத்தவர்களுக்குப் பள்ளிக்கால சஞ்சாயிகா சேமிப்பு நினைவிருக்கும். சேர்க்கக் கற்றோம், அடக்கவிலை போடவோ, முதலுக்கு மோசம் வராமல் விற்கவோ நமக்கு யாரும் சொல்லித் தரவில்லை. இப்பிள்ளைகளோ பள்ளித் தோட்டத்துக் கீரையையும் பழைய செய்தித்தாளையும் விற்று இதுவரை 5,340 ரூபாய் சேர்த்திருக்கிறார்கள். 10 வயது நிறைந்தவர் தம் பெயரிலேயே அஞ்சலகச் சேமிப்புக் கணக்கு தொடங்கலாம், அதற்குக் குறைந்தது 500 ரூபாய் வேண்டும் என்பதையும் நேரில் சென்று விசாரித்து வந்தார்கள். கீழடியில் 2021இல் ஏழாம் கட்ட அகழாய்வின்போது வெள்ளி முத்திரைக் காசு ஒன்று கிடைத்த செய்தியைப் படித்ததிலிருந்து, அந்தக் காசுக்கு அன்று எவ்வளவு கடலை கிடைத்திருக்கும் என்பதே வகுப்பில் பேச்சு.

மீதி 15,000 ரூபாயைத் திரட்டுவது எங்கள் பொறுப்பு. அதற்காகவே ஊர்ப் பெரியோர்களையும் முன்னாள் மாணவர்களையும் நாடி வந்திருக்கிறோம். வெளிநாட்டில் இருக்கும் முன்னாள் மாணவர் ஒருவர் முழுத் தொகையையும் தாமே தருவதாகச் சொன்னபோது நன்றியுடன் மறுத்துவிட்டோம். பணம் ஒரே நாளில் வந்து சேர்ந்துவிட்டால் கடலைச் சட்டியை அடுப்பில் ஏற்ற எந்தப் பிள்ளைக்கு மனம் வரும்? ஆகவே ஒருவர் 500 ரூபாய்க்கு மேல் தர வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறோம். 50 ரூபாயானாலும் மகிழ்ச்சியே.

நன்கொடையைப் பள்ளி அலுவலகத்தில் காலை 10 மணி முதல் மாலை 4 மணி வரை செலுத்தலாம். வெளியூரில் இருப்போர் பள்ளி மேலாண்மைக் குழுவின் வங்கிக் கணக்குக்கு அனுப்பலாம்; கணக்கு விவரம் தலைமை ஆசிரியரிடம் கிடைக்கும். மாணவர்கள் எழுதி, தலைமை ஆசிரியர் கையொப்பமிட்ட ரசீது ஒவ்வொருவருக்கும் வழங்கப்படும். பொங்கல் விடுமுறைக்கு முன்பாகத் தொகை வந்து சேர்ந்தால் பேருந்துக்கு முன்பணம் கட்ட வசதியாக இருக்கும். வரவு செலவுக் கணக்கைப் பயணம் முடிந்த மறுவாரம் மாணவர்களே பள்ளி அறிவிப்புப் பலகையில் எழுதி வைப்பார்கள். மிஞ்சும் தொகை, இப்போது ஏழாம் வகுப்பில் இருப்பவர்களுக்கு அடுத்த ஆண்டு முதலாகக் கடன் தரப்படும்.

இப்படிக்கு,
கல்விச் சுற்றுலாக் குழு,
பள்ளி மேலாண்மைக் குழுவுக்காக